தாழ்ப்பாள் உள்பக்கம்

எங்கள் குடும்பத்தில் பயந்தாங்கொள்ளி யார் என்று கேட்டால், யோசிக்காமல் எல்லோரும் அண்ணியைத்தான் கைகாட்டுவோம். பல்லி விழுந்தால் தெருவையே கூட்டிவிடுவார். இடி இடித்தால் போர்வைக்குள் புகுந்துகொள்வார். முனையில் நாய் படுத்திருந்தால் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போவார். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கரப்பான்பூச்சிக்காக அவர் போட்ட சத்தத்தில், என் அண்ணன் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தது இன்றைக்கும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதை. அப்படிப்பட்டவர் பார்க்கிற வேலையைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் அவருக்கு நாத்தனார். இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் ‘வாங்க, போங்க’தான், சண்டை போடும்போதுகூட மரியாதை குறையாது. தையல் என் தொழில். எனக்கு வாய் நீளம், பொறுமை குறைவு என்று அண்ணி சொல்வார். அதை மறுக்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை.

அண்ணி முதலில் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தார். ஒரு நாள் அங்கே போலீஸ்காரர்கள் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி எங்கேயோ விற்றுவிட்டிருந்தார்கள் அவளை. டாக்டர் கிட்டே போனால் அலறினாள், நர்ஸ் கிட்டே போனால் அலறினாள். படுக்கை விரிப்பை மாற்றப் போன அண்ணிக்குக் கால் நகரவில்லை. அடித்துவிடுவாளோ என்று பயம். கதவருகே நின்றபடியே, “உள்ள வரலாமா?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அலறுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாளாம். அதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

இப்படி மீட்டுக்கொண்டு வரும் பெண்களுக்காக ஒரு வீடு நடத்துகிற அம்மாள் அன்றைக்கு அந்த அறையில் இருந்தார். மறுவாரமே அண்ணியைக் கூப்பிட்டு, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். “எனக்குப் பல்லின்னாலே பயம்ங்க” என்று அண்ணி சொன்னாராம். “அங்க இருக்கறவங்களுக்கும் பயம்தான். நீங்க பயப்படறதைப் பத்தி அவங்க தப்பா நினைக்கமாட்டாங்க” என்று பதில் வந்ததாம்.

அந்த வீடு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். என் அண்ணனுக்கே தெரியாது. பெயர்ப்பலகை இல்லாத, சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு சாதாரண வீடு. அங்கே வேலை பார்ப்பவர்கள் இடத்தைப் பெற்றவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது விதி. பெண்களுக்குத் தையல் சொல்லித்தர அண்ணி என்னையும் அங்கே சேர்த்துவிட்டபோது நானும் அதே சத்தியத்தைச் செய்தேன். ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு இதில் தாங்க முடியாத மனக்குறை.

“பொண்டாட்டி எங்க போறான்னு தெரியாது, தங்கச்சி எங்க போறான்னு தெரியாது. ஊர்ல இருக்கற வண்டியெல்லாம் எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேட்டாச் சொல்லிடுவேன். என் வீட்டுக் கதை மட்டும் எனக்குத் தெரியாது” என்று சாப்பிடும்போதெல்லாம் புலம்புவார்.

அந்த வீட்டில் அண்ணி செய்த முதல் வேலை, தச்சரை வரவழைத்தது. அறைக் கதவுகளில் வெளிப்பக்கம் இருந்த தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றச் சொன்னார். ஓட்டைகளை மக்கு வைத்து அடைத்து, மேலே வர்ணம் பூசச் சொன்னார். உள்பக்கம் மட்டும் புதிதாகத் தாழ்ப்பாள் போடச் சொன்னார். தச்சருக்குத் தலைகால் புரியவில்லை.

“ஏம்மா, உள்ள யாராவது மயங்கி விழுந்து கிடந்தா எப்படித் திறப்பீங்க?”

“கேட்டுட்டுத் திறப்போம்.”

“மயங்கிக் கிடக்கறவங்ககிட்டயா?”

அண்ணிக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்கு வரும் பெண்கள் எல்லோரும் வெளியிலிருந்து பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் கிடந்தவர்கள். யாரோ நினைத்தபோது திறப்பார்கள், யாரோ நினைத்தபோது உள்ளே வருவார்கள். அதனால் அந்த வீட்டில் யார் கதவையும் கேட்காமல் தொடக் கூடாது. “உள்ள வரலாமா?” என்று கேட்க வேண்டும். பதில் வரும்வரை நிற்க வேண்டும். ‘வேண்டாம்’ என்றால் ‘சரி’ என்று திரும்பிவிட வேண்டும். குளியலறைக்குப் போகிற பெண்ணின் பின்னால் யாரும் துணைக்குப் போகவே கூடாது.

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. சமையலறைக்குள் அண்ணன் இருந்தால், அண்ணி வாசலில் நின்று “உள்ள வரலாமா?” என்பார். “வரலாம், ஆனா குடிக்க டீ கிடைக்காது. இப்பதான் கடைசி வாயைக் குடிச்சேன்” என்பார் அண்ணன்.

பூனை வந்தது இந்தச் சமயத்தில்தான். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு நான் வைத்த பெயர் அது. நடந்தால் சத்தமே கேட்காது. எந்த அறைக்குள் போனாலும் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்காருவாள். துணிக்கடையில் வேலை என்று சொல்லி அவளை அழைத்துப்போனவள் அவளுடைய ஊர்க்காரி. எல்லோரிடமும் நல்ல மாதிரியாகப் பேசுவதால் ஊரில் அவளுக்கு நல்லக்கா என்று பெயராம். துணிக்கடை எதுவும் இல்லை. ஜன்னலை அடைத்த ஒரு வீடு இருந்தது. பகலெல்லாம் தையல் மெஷினில் வேலை. மற்றதை நான் எழுதப்போவதில்லை. குளிக்கும்போதுகூடக் கதவைச் சாத்த விடாமல், எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு ஆள் உட்கார்ந்திருப்பானாம்.

முதல் நாள் நான் ஆர்வக்கோளாறில் மெஷினை ஓட்டிக் காட்டினேன். அந்தச் சத்தம் கேட்டதும் பூனை போய் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டாள். அன்றோடு மெஷினைத் துணி போட்டு மூடிவிட்டு, கையால் பொத்தான் தைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவள் தைத்த பொத்தானைச் சட்டை கிழிந்தாலும் பிடுங்க முடியாது.

காலையில் அண்ணி அவள் கதவருகே போய்க் கேட்பார்.

“உள்ள வரலாமா?”

“வேண்டாம்.”

“சரி. தட்டை வெளிய வெச்சிருக்கேன்.”

சாயங்காலமும் அதே கேள்வி, அதே பதில், அதே ‘சரி’. மாதக்கணக்கில் இது நடந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“என்ன அண்ணி இது, கோயில் மணி மாதிரி? ஒரு நாள் உள்ள போய்ப் பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக் கொடுத்தா அந்தப் பொண்ணு சரியாயிட மாட்டாளா?”

“அவ வேண்டாம்னு சொன்னதுக்கு இதுவரைக்கும் யாராவது சரின்னு சொல்லியிருப்பாங்களா, சொல்லுங்க” என்றார் அண்ணி. எனக்கு வாயடைத்துப் போனது. அது அடிக்கடி நடக்கிற விஷயம் இல்லை.

இன்னொன்றையும் அண்ணிதான் கண்டுபிடித்தார். பூனை தரையில் படுத்துக்கொண்டு, கதவின் அடி இடுக்கு வழியாக வெளியே பார்த்தபடியே இருப்பாள். கால்கள் வந்து நின்றால் அவளுக்கு மூச்சு முட்டும். அதனால் அண்ணி கதவருகே நிற்பதை விட்டுவிட்டார். முட்டிவலியோடு முனகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, கையை மட்டும் இடுக்கருகே உள்ளங்கை தெரிய வைத்துவிட்டுக் கேட்பார். மற்ற பெண்கள் எல்லோரும் அண்ணியை அக்கா என்று கூப்பிட்டார்கள். பூனை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள். ஒரு ‘அக்கா’ அவளுக்குச் செய்தது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கு நாள் நெருங்கியது. ஜன்னலை அடைத்த அந்த வீட்டிலிருந்து மீட்கப்பட்ட மற்ற பெண்களை வேறு வேறு ஆட்கள் அழைத்து வந்திருந்தார்கள். நல்லக்காவை நேரில் பார்த்து, ‘இவள்தான்’ என்று கைகாட்டக்கூடியவள் பூனை ஒருத்தி மட்டும்தான். அவள் சொன்னால் நல்லக்கா உள்ளே போவாள். அவள் வாயைத் திறக்காவிட்டால், ஜாமீனில் இருக்கும் நல்லக்கா விடுதலையாகி, அடுத்த துணிக்கடைக்கு ஆள் தேட ஊருக்குப் போவாள். வக்கீல் இதைப் பூனையிடம் பதமாகச் சொன்னார். சொல்கிறேன் என்று அவள் தலையாட்டினாள். தலையாட்டும்போது அவள் கண் தரையிலேயே இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எதையோ மறைக்கிறாள் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு எங்களுக்கும் நிம்மதி போயிற்று. எதிர்ச்சாரியில் ஒரு பைக் நின்றால் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று எண்ணைப் பார்ப்போம். அது பால் போடுகிறவருடைய பைக்காக இருக்கும். அப்போதும் நெஞ்சு அடங்காது. போன் அடிக்கும், எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும். வேலை முடிந்து திரும்பும்போது நானும் அண்ணியும் பஸ்ஸில் சேர்ந்து உட்காரமாட்டோம். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கடைக்குள் புகுந்து, வேண்டாத சோப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு நடப்போம். எங்கள் வீட்டில் அந்த வருஷம் முழுக்கச் சோப்புக்குப் பஞ்சமே இல்லை.

“பயமா இருக்கு” என்று அண்ணி என்னிடம் வெளிப்படையாகவே சொன்னார். “அவங்க என்னைப் பிடிச்சு ஒரு அதட்டல் போட்டா, நான் இடத்தைச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு.”

“நீங்களா? உங்களை அதட்டினா நீங்க மயங்கி விழுந்துடுவீங்க. மயங்கினவங்க எப்படிச் சொல்லுவாங்க?” என்றேன். சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

கோர்ட்டுக்குப் போன அன்று காலை மழை தூறிக்கொண்டிருந்தது. பூனை தானே பொத்தான் தைத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். எங்களோடு காவலுக்கு ஒரு போலீஸ்கார அம்மா வந்தார். வாசலிலேயே நல்லக்காவைப் பார்த்துவிட்டோம், வக்கீல் காட்டிய போட்டோவில் இருந்த அதே முகம். தங்கப் பிரேம் போட்ட கண்ணாடி, வாரிக் கட்டிய கொண்டை, கையில் பிளாஸ்க். யாரோ வயதானவரைக் கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டிருந்தாள். “பாத்து வாங்க கண்ணு, வழுக்கும்” என்று அவள் சொன்ன குரல் தேன் மாதிரி இருந்தது. சாட்சியின் அருகே போகக் கூடாது என்று அவளுக்குக் கோர்ட்டு உத்தரவு. அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் பூனையின் கை என் துணியைப் பிடித்துக்கொண்டது.

மேல்மாடியில் நீளமான தாழ்வாரம். சுவரோரம் பெஞ்சு. கோடியில் பெண்கள் கழிவறை. கூப்பிடும்வரை அங்கேயே உட்காரச் சொன்னார்கள். வேறு வழக்குகளுக்கு வந்தவர்கள் போகிறார்கள், வருகிறார்கள். யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் அண்ணி தலையைத் தூக்கிப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் பூனை மெதுவாக, “பாத்ரூம் போகணும்” என்றாள்.

போலீஸ்கார அம்மா உடனே எழுந்தார். “வா, நான் வரேன்.”

பூனையின் முகம் வெளுத்தது. அண்ணி குறுக்கே புகுந்தார்.

“வேண்டாம்மா. கூட யாராவது போனா அவளால முடியாது. தனியாப் போகட்டும்.”

“சரி, உள்ள யாராவது இருக்காங்களான்னு மட்டும் எட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.”

“அதுவும் வேண்டாம். அவ கண் எதிர்ல நாம போய்க் கதவைத் திறந்து பாத்தா, பழசெல்லாம் ஞாபகம் வந்துடும். இங்கேருந்தே கதவு தெரியுது இல்ல?”

நானும் அண்ணி சொன்னதற்குத் தலையாட்டினேன். அந்த வீட்டு வழக்கம் எங்கள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வேறு யாராக இருந்தாலும் முதலில் அந்தக் கழிவறைக்குள் போய்ப் பார்த்திருப்பார்கள். நாங்கள் மட்டும்தான் மரியாதை கொடுத்து அவளைத் தனியாக அனுப்புவோம். அனுப்பினோம்.

வக்கீலின் குமாஸ்தா வந்து போலீஸ்கார அம்மாவைத் தாழ்வாரத்தின் மறுகோடிக்கு அழைத்துப் போனார். பூனை உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. சிறிது நேரம் போனது. பிறகு அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ பேசுகிற குரல் வந்தது. வார்த்தை எதுவும் புரியவில்லை. ஆனால் ஒரே ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

“கண்ணு.”

அண்ணியைப் பார்த்தேன். வாசலில் கேட்ட அதே தேன் குரல். நல்லக்கா எங்களுக்கு முன்பே போய் உள்ளே ஒரு தடுப்பில் ஒளிந்து காத்திருந்திருக்கிறாள்.

ஓடினோம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் படபடவென்று கதவைத் தட்டப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துவிட்டார்.

“தட்டாதீங்க. தட்டினா பயந்துடுவா.”

“இப்ப மட்டும் என்ன கும்மாளமா போட்டுட்டிருக்கா? உடைங்க அண்ணி!” என்று கத்தினேன். மறுகோடியிலிருந்த போலீஸ்கார அம்மாவையும் கூப்பிட்டேன். பூட்ஸ் சத்தம் தாழ்வாரம் அதிர வந்தது. உள்ளே இருந்த குரல் நின்றது.

கதவுக்கு அடியில் ஒரு இடுக்கு இருந்தது. அதன் வழியாக எங்கள் கால்கள் உள்ளே தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அண்ணிக்குத் தோன்றியது. எங்களை இரண்டு பக்கமும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கழிவறைத் தண்ணீர் வழிந்து கிடந்த அந்தத் தரையில், நல்ல துணியோடு, முட்டிவலி முனகலோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கையை இடுக்கு வழியாக நுழைத்து உள்ளங்கையை மேலே வைத்தார்.

“நான்தான். உள்ள வரலாமா?”

தேன் குரல் பதில் சொன்னது. “இங்க யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான் இருக்கேன்.”

“உங்களைக் கேக்கலை” என்றார் அண்ணி.

பல்லிக்குப் பயப்படுகிற என் அண்ணியின் குரலா அது என்று நினைத்தேன். குரல் உடைந்துதான் இருந்தது. ஆனால் பின்வாங்கவில்லை.

உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு பூனையின் குரல் வந்தது.

“வேண்டாம்.”

மாதக்கணக்கில் கேட்ட அதே சொல். அண்ணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பழக்க தோஷம் அவரை விடவில்லை.

“சரி” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கதவோடு சேர்த்து அண்ணியையும் மிதித்திருப்பேன். இதற்குப் பெயர் மரியாதையா, பைத்தியக்காரத்தனமா? போலீஸ்கார அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, “தள்ளுங்க, நான் உடைக்கிறேன்” என்று பின்னால் நகர்ந்தார். அண்ணி கையை எடுக்கவில்லை.

“சரி. நான் உள்ள வரலை. ஆனா எழுந்து போகவும் மாட்டேன். இங்கயே உக்காந்திருக்கேன். என் கை தெரியுதா உனக்கு?” அவர் பேச்சு அழுகையில் நனைந்து வந்தது. “கண்ணைத் துடைச்சிட்டுக் கதவைப் பாரு. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருக்கு. உன் பக்கம். யாரும் உன்னை வெளியேருந்து பூட்டலை. நீயே திறக்கலாம். திறக்காட்டியும் பரவாயில்லை, நான் இருக்கேன்.”

“அந்தம்மா பேச்சைக் கேக்காத கண்ணு, உனக்கும் எனக்கும்” என்று நல்லக்கா ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. ஈரத்தரையில் காலடிகள் தடுமாறின. எதுவோ சுவரில் மோதியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். போலீஸ்கார அம்மா ஓங்கிய காலோடு நின்றார்.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது.

“அண்ணி” என்றாள் பூனை. “உள்ள வாங்க.”

அவள் அதுவரை அண்ணியை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் கூப்பிடுகிறதைக் கேட்டுக்கேட்டு அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது என்னுடைய சொல். என்னிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டாள். எனக்குத் துளியும் வருத்தம் இல்லை.

அண்ணியால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. தவழ்ந்துதான் உள்ளே போனார். பூனை நீலச் சட்டையின் தோள் கிழிந்த நிலையில் அவர்மேல் வந்து விழுந்தாள். பொத்தான் ஒன்றுகூடப் போகவில்லை. “தங்கச்சி, தங்கச்சி” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மறைத்துவைத்திருந்தது அதுதான். ஊரில் அவளுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். நீ வாயைத் திறந்தால் அடுத்தது அவள்தான் என்று நல்லக்கா ஆரம்பத்திலேயே சொல்லிவைத்திருக்கிறாள். இப்போது உள்ளே சொன்னதும் அதையேதான். தங்கை ஏற்கெனவே பஸ் ஏறிவிட்டாள் என்று சொன்னாளாம்.

போலீஸ்கார அம்மா போனை எடுத்துக்கொண்டு ஓடினார். எங்கேயோ யாரையோ அதட்டினார். அவருடைய ஆட்கள் நல்லக்காவைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார்கள். அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணியின் பக்கத்தில் வந்ததும் நின்றாள்.

“உங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர் பட்டறை வெச்சிருக்காரு இல்ல? ரொம்ப நல்ல மனுஷன். என் வண்டியைக்கூட அவர்தான் பாத்துக் கொடுத்தார்” என்றாள். ஏதோ கல்யாண வீட்டில் உறவு விசாரிக்கிற மாதிரி அதைச் சொல்லிவிட்டுப் போனாள்.

பூனை அன்று மதியம் சாட்சி சொன்னாள். அண்ணி தன் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார வேண்டும் என்று கேட்டாள். நீதிபதி சம்மதித்தார். என்னை உள்ளே விடவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று நான் அண்ணியிடம் கேட்கவில்லை. பொய் சொல்வானேன், கேட்டேன், அண்ணி சொல்லவில்லை. வெளியே வந்தபோது பூனை நடந்த சத்தம் எனக்குக் கேட்டது. சாயங்காலம் அவள் தங்கையைப் பஸ் நிலையத்திலேயே கண்டுபிடித்துவிட்டதாகத் தகவல் வந்தது. துணிக்கடை வேலை என்று நம்பி, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வரும்போது, பட்டறைவரை வந்துவிட்டவளிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது என்று அண்ணி பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அன்று நாங்கள் சோப்பு வாங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி நேரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்போட்டுக்கொண்டார்.

அண்ணன் கையில் கிரீஸோடு பட்டறையிலிருந்து வந்தார். பட்டறைக்கு மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தாரா என்று கேட்டேன்.

“ஆமா, போன வாரம் வந்தாங்க. தங்கப் பிரேம். ரொம்ப நல்ல மாதிரிப் பேசினாங்க. உங்க வீட்டம்மா எங்க வேலை பாக்கறாங்கன்னு கேட்டாங்க. அதை ஏங்க கேக்கறீங்க, எனக்கே தெரியாதுன்னு சொன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.”

சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நான் சொல்லக்கூடிய அளவுக்குச் சொன்னேன். சத்தியத்தை மீறவில்லை, அந்தப் பெண்கள் எப்படிப்பட்டவர்கள், அந்த அம்மா எப்படிப்பட்டவள் என்பதை மட்டும் சொன்னேன். அந்த வீடு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கே சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். நல்ல மனுஷன் என்று அவள் சொன்னது சரிதான். அண்ணன் தன் கையிலிருந்த கிரீஸையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அறைக் கதவருகே போனார். தட்டப்போன கையை இறக்கினார்.

“உள்ள வரலாமா?” என்று கேட்டார். இந்த முறை கேலி இல்லை.

உள்ளே விசும்பல் நின்றது.

“வேண்டாம்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“சரி” என்றார் அண்ணன். அழுக்குப் பேன்ட்டோடு கதவருகே தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். நான் போய் வாசல் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தேன். ஜன்னலையும் பார்த்தேன். திரும்பி வந்து வாசல் கதவை மறுபடியும் பார்த்தேன். வெளியே ஒரு பைக் நின்று, கிளம்பிப் போனது. மூன்று பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

“ஏங்க, இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றார் அண்ணன்.